மூலநிரலிலிருந்து ஜாவா மென்பொருள்: 'மோசிப்' வழியே முக்கியக் குறிப்புகள்

கணினிப் பயிற்றுநர், பாலிடெக்னிக் விரிவுரையாளர், யுஜிசி நெட் கணினி அறிவியல், வங்கி ஐடி அதிகாரி தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கான தொகுப்பு இது. டிஎன்பிஎஸ்சி பொது அறிவுக்காகப் புரட்டுபவர்களுக்கு முதல் பகுதியும் உரிமம் பற்றிய பகுதியும் போதும்.

ஜாவா மென்பொருளைக் கட்டும் மேவன் கருவியின் கட்டங்களை எல்லாக் கையேடுகளும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்கின்றன. கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டுவிட்டால் ஒப்பித்தது கைகொடுக்காது. அதனால் இங்கே ஒரு உண்மையான திட்டத்தையும், அதைக் கட்டுவதற்கான ஒரே ஒரு கட்டளையையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டளையில் ஒவ்வொரு சொல்லும் ஏன் இருக்கிறது என்று பார்க்கிறோம். காரணம் பிடிபட்டால் வரிசை தானாக நினைவில் நிற்கும்.

1. இடமும் திட்டமும்

• ஆனேக்கல் (மோசிப் பிறந்த எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கம்): கர்நாடகத்தின் பெங்களூரு நகர மாவட்டத்தில் உள்ள வட்டத் தலைநகர். தமிழ்நாட்டு எல்லையான அத்திப்பள்ளி இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் ஓசூர். பன்னேர்கட்டா, ஜிகணி, பொம்மசந்திரா, சர்ஜாபுரா ஆகியவையும் இதே வட்டம்.

• ஓசூர் சாலையில் இதே வட்டத்தின் சந்தாபுராவிலிருந்து பெங்களூரு நோக்கிப் போனால் வருவது எலக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசின் 'கியோனிக்ஸ்' நிறுவனம் 1970களின் இறுதியில் கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் இதைத் தொடங்கியது. இந்தத் திட்டத்தின் மூளை என்று குறிப்பிடப்படுபவர் கியோனிக்ஸ் தலைவராக இருந்த ஆர். கே. பாலிகா. ஆர்.வி. சாலையிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை செல்லும் மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது.

• ஐஐஐடி பெங்களூரு: கர்நாடக அரசும் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் சேர்ந்து 1999இல் தொடங்கிய கல்வி நிறுவனம். வளாகம் எலக்ட்ரானிக் சிட்டியில். முதல் இயக்குநர் பேராசிரியர் எஸ். சடகோபன்.

• மோசிப்: 'மாடுலர் ஓப்பன் சோர்ஸ் ஐடென்டிட்டி பிளாட்ஃபார்ம்' என்பதன் சுருக்கம். ஒரு நாடு தன் குடிமக்களுக்கு அடிப்படை அடையாள எண் வழங்கத் தேவையான மென்பொருள் தொகுப்பு. 2018 மார்ச்சில் ஐஐஐடி பெங்களூருவில் தொடங்கியது. தொடக்க நிதி தந்தவை பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை, டாடா டிரஸ்ட்ஸ், ஒமித்யார் நெட்வொர்க்.

• எங்கே பயன்படுகிறது: பிலிப்பைன்ஸ் தேசிய அடையாளத் திட்டம் (அதற்கான அந்நாட்டுச் சட்டம் 2018 ஆகஸ்டில் வந்தது), மொராக்கோவின் மக்கள்தொகைப் பதிவேடு, எத்தியோப்பியாவின் 'ஃபைடா'. இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமும் மோசிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதற்கான இந்திய நிதியுதவி ஒப்பந்தம் 2022 மார்ச்சில் கொழும்பில் கையெழுத்தானது. மோசிப் கனெக்ட் மாநாடு 2024இல் அடிஸ் அபாபாவிலும் 2025இல் மணிலாவிலும் நடந்தது.

• வழுக்கும் இடம்: மோசிப்பும் ஆதாரும் ஒன்றல்ல. ஆதாரின் அனுபவம் மோசிப்புக்கு உந்துதல். ஆனால் ஆதாரின் நிரல் திறந்த மூலம் அல்ல, மோசிப் தனியாக எழுதப்பட்டது. ஆதாரின் முதல் எண் வழங்கப்பட்டது 2010 செப்டம்பர் 29, மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம், தெம்பிலி கிராமம். அது 12 இலக்க எண். கடைசி இலக்கம் வெர்ஹாஃப் முறையில் சரிபார்க்கும் இலக்கம். மோசிப்பும் தன் எண்ணுக்கு வெர்ஹாஃப் முறையையே கையாள்கிறது.

மோசிப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பக்கத்து ஊர்ப் பெருமை மட்டுமல்ல. பெரும்பகுதி ஜாவா, ஸ்பிரிங் பூட் மேல் நிற்கிறது, மேவனால் கட்டப்படுகிறது, ஒரே களஞ்சியமாக இல்லாமல் பல களஞ்சியங்களாகப் பிரிந்து கிடக்கிறது. 'ஹலோ வேர்ல்ட்' நிரலை வைத்து மேவன் படிப்பவருக்குச் சார்புகளின் சிக்கல் கண்ணில் படவே படாது.

2. ஜாவா: சுருக்கமான காலவரிசை

• 1995: சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை அறிவித்தது. ஜேம்ஸ் காஸ்லிங். முந்தைய பெயர் 'ஓக்'.

• 2006 நவம்பர்: ஜாவாவைத் திறந்த மூலமாக்கும் அறிவிப்பு. ஓப்பன்ஜேடிகே உரிமம் ஜிபிஎல் 2, 'கிளாஸ்பாத் விதிவிலக்கு' உடன். இந்த விதிவிலக்கு இல்லையென்றால் ஜாவா நூலகங்களோடு இணையும் உங்கள் நிரலும் ஜிபிஎல் ஆக வேண்டியிருக்கும்.

• 2010 ஜனவரி: ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது.

• 2017 செப்டம்பரில் ஜாவா 9. அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. நீண்டகால ஆதரவுப் பதிப்புகள்: 8 (2014), 11 (2018), 17 (2021), 21 (2023), 25 (2025).

• ஜாவா நிரல்பெயர்ப்பி மூலநிரலைப் பைட்கோடாக மாற்றுகிறது. ஜேவிஎம் அதை இயக்குகிறது. கிளாஸ் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் பதினாறடிமானத்தில் 'கஃபே பேப்' என்று வாசிக்கும்படி அமைந்தவை. இது கிளாஸ் கோப்புதான் என்று ஜேவிஎம் இதைக்கொண்டே உறுதி செய்கிறது.

• கிளாஸ் கோப்பின் பதிப்பு எண்ணுக்குச் சூத்திரம்: ஜாவா பதிப்பு + 44. ஜாவா 8 என்றால் 52, 11 என்றால் 55, 17 என்றால் 61, 21 என்றால் 65. புதிய ஜேடிகேயில் கட்டியதைப் பழைய ஜேவிஎம்மில் ஓட்டினால் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' பிழை வரும்; அந்தப் பிழைச் செய்தியில் இருப்பது இந்த எண்தான். 65 என்று கண்டால் கட்டப்பட்டது ஜாவா 21க்காக என்று உடனே சொல்லிவிடலாம். மதிப்பெண்ணுக்கும் உதவும், வேலைக்கும் உதவும்.

3. கட்டும் கருவிகள்

• ஆன்ட்: ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், டாம்கேட் சர்வரைக் கட்டுவதற்காக எழுதியது. 2000இல் தனித் திட்டமாக வெளிவந்தது. பில்டு எக்ஸ்எம்எல் கோப்பு. எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று நீங்களே எழுத வேண்டும்.

• மேவன்: ஜேசன் வான் சைல். அப்பாச்சி டர்பைன் திட்டத்துக்குள் பிறந்தது. மேவன் 1 வந்தது 2004, மேவன் 2 வந்தது 2005, மேவன் 3 வந்தது 2010. பி.ஓ.எம். எக்ஸ்எம்எல் கோப்பு. 'திட்டம் எப்படிப்பட்டது' என்று சொன்னால் போதும். செய்முறை அதற்குத் தெரியும்.

• கிரேடில்: குரூவி அல்லது காட்லின் மொழியில் எழுதும் கோப்பு. 1.0 பதிப்பு 2012. ஆண்ட்ராய்டு உலகின் வழக்கமான கருவி.

• மேவனின் வெளியீடு 'டார்கெட்' கோப்புறையில். கிரேடிலின் வெளியீடு 'பில்டு' கோப்புறையில். மேவனின் நிலையான அமைப்பு: முதன்மை நிரல் 'எஸ்ஆர்சி / மெயின் / ஜாவா'வில், சோதனை நிரல் 'எஸ்ஆர்சி / டெஸ்ட் / ஜாவா'வில்.

• ஒவ்வொரு நூலகத்தையும் மேவன் மூன்று விவரங்களால் அடையாளம் காண்கிறது: குரூப் ஐடி, ஆர்டிஃபாக்ட் ஐடி, பதிப்பு. மோசிப்பின் அடித்தள நூலகங்களின் குரூப் ஐடி 'ஐஓ டாட் மோசிப் டாட் கெர்னல்'. 'ஐஓ'வில் தொடங்கக் காரணம், இணையக் களப்பெயரைத் தலைகீழாக எழுதும் ஜாவா மரபு.

• முரண்பட்ட சார்புகள்: உங்கள் திட்டம் ஒரு நூலகத்தின் 2.0 பதிப்பை நேரடியாகக் கேட்கிறது. நீங்கள் சேர்த்த வேறொரு நூலகம் அதன் 3.0 பதிப்பைக் கேட்கிறது. மேவன் 2.0ஐ எடுக்கும், ஏனென்றால் அது மரத்தில் அருகில் இருக்கிறது. கிரேடில் இயல்பாக 3.0ஐ எடுக்கும், ஏனென்றால் அது உயர்ந்த பதிப்பு. மேவனுடையது 'அருகில் இருப்பது வெல்லும்' விதி. புதியதே வெல்லும் என்று எழுதி மதிப்பெண்ணை விடாதீர்கள்.

• சார்பின் எல்லைகள் ஆறு: கம்பைல், ப்ரொவைடட், ரன்டைம், டெஸ்ட், சிஸ்டம், இம்போர்ட். எதுவும் குறிப்பிடாவிட்டால் கம்பைல். சர்வ்லெட் நூலகத்தை டாம்கேட்டே தந்துவிடும், ஆகவே அது ப்ரொவைடட். தரவுத்தள டிரைவர் ரன்டைம். ஜேயூனிட் டெஸ்ட்.

4. ஒரு கட்டளை, நான்கு சொற்கள்

மோசிப்பின் பொது நூலகங்கள் 'காமன்ஸ்' என்னும் களஞ்சியத்தில் இருக்கின்றன. கிட்டில் அதை நகலெடுத்து, 'கெர்னல்' கோப்புறைக்குள் போய் ஒரு கட்டளை கொடுக்க வேண்டும் என்று அதன் முகப்புக் கோப்பு சொல்கிறது. கட்டளையைத் தமிழில் வாசித்தால் இப்படி இருக்கும்: மேவனே, இன்ஸ்டால் செய், சோதனைகளை ஓட்டாதே, ஜாவாடாக்கை விட்டுவிடு, ஜிபிஜி கையொப்பத்தை விட்டுவிடு. ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலில் 'இன்ஸ்டால்'. மேவனில் மூன்று வாழ்க்கைச் சுழற்சிகள்: டிஃபால்ட், கிளீன், சைட். டிஃபால்ட்டின் முக்கியக் கட்டங்கள்: வேலிடேட், கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ், வெரிஃபை, இன்ஸ்டால், டிப்ளாய். ஒரு கட்டத்தைக் கேட்டால் அதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களும் ஓடும். இன்ஸ்டால் என்றதும் ஏதோ கணினியில் நிறுவுவது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது வெறும் நகலெடுத்து வைப்பது: உருவான ஜார் கோப்பு உங்கள் கணினியிலேயே '.எம்2' என்ற மறைந்த கோப்புறையில் உள்ள உள்ளூர்க் களஞ்சியத்துக்குப் போகிறது. தொலைவிலுள்ள களஞ்சியத்துக்கு அனுப்புவது டிப்ளாய்.

பேக்கேஜ் வரை போனால் ஜார் கிடைத்துவிடுமே, ஏன் இன்ஸ்டால்? இங்கேதான் பல களஞ்சியத் திட்டத்தின் அருமை தெரிகிறது. மோசிப்பின் முன்பதிவு, பதிவுச் செயலாக்கி, அடையாளக் களஞ்சியம், அடையாளச் சரிபார்ப்பு ஆகியவை தனித்தனிக் களஞ்சியங்கள். எல்லாம் காமன்ஸை நம்பி நிற்பவை. காமன்ஸில் நீங்கள் ஒரு வரியை மாற்றி, பேக்கேஜோடு நிறுத்திவிட்டால், மற்றவற்றைக் கட்டும்போது மேவன் உங்கள் மாற்றத்தைப் பார்க்காது, '.எம்2'வில் இருக்கும் பழையதை எடுக்கும், அல்லது இணையத்திலிருந்து இறக்கும். கட்டுமானம் வெற்றி என்று வரும். உங்கள் மாற்றம் மட்டும் உள்ளே இருக்காது. பிழைச் செய்தி எதுவும் வராத பிழை இது. 'பேக்கேஜுக்கும் இன்ஸ்டாலுக்கும் வேறுபாடு' என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இந்த எடுத்துக்காட்டை எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரே களஞ்சியத்துக்குள் பல உறுப்புகள் இருந்தால் இந்தக் கவலை இல்லை. 'ரியாக்டர்' என்ற பகுதி, பி.ஓ.எம். கோப்புகளைப் படித்து யார் யாரை நம்பியிருக்கிறார் என்று கணக்கிட்டு வரிசையைத் தானே போட்டுக்கொள்ளும். களஞ்சிய எல்லையைத் தாண்டினால் அதற்குக் கண் தெரியாது. வரிசை உங்கள் பொறுப்பு.

அடுத்தது 'ஸ்கிப் டெஸ்ட்ஸ்'. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு தேர்வுகள் உண்டு. 'ஸ்கிப் டெஸ்ட்ஸ்' என்றால் சோதனை நிரல்கள் நிரல்பெயர்க்கப்படும், ஓட்டப்படாது. 'மேவன் டெஸ்ட் ஸ்கிப்' என்றால் நிரல்பெயர்ப்பும் கிடையாது. அலகுச் சோதனைகளை ஓட்டுவது ஷ்யூர்ஃபயர் ப்ளக்இன். ஒருங்கிணைப்புச் சோதனைகளை ஓட்டுவது ஃபெயில்சேஃப்.

சோதனையை விட்டுவிட்டுக் கட்டுவது சரியா? முதல் தடவை கட்டும்போது சரி. சூழல் சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கட்டுமானம். பெரிய திட்டத்தின் சோதனைகள் நெடுநேரம் ஓடும், சில வெளிச் சேவைகளையும் எதிர்பார்க்கும். நிரலை மாற்றிய பிறகும் அதே கட்டளையைக் கொடுத்துக்கொண்டிருப்பது சோம்பல். முகப்புக் கோப்பில் இருப்பதையே கடைசிவரை பயன்படுத்துபவர்கள் அதிகம்.

மூன்றாவது ஜாவாடாக், நான்காவது ஜிபிஜி. இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன என்று கையேடுகள் சொல்வதில்லை. மேவன் சென்ட்ரல் என்னும் பொதுக் களஞ்சியத்தில் ஒரு நூலகத்தை வெளியிட அது விதிக்கும் நிபந்தனைகள்: மூலநிரல் ஜார் வேண்டும், ஜாவாடாக் ஜார் வேண்டும், ஒவ்வொரு கோப்புக்கும் ஜிபிஜி கையொப்பம் வேண்டும், பி.ஓ.எம். கோப்பில் உரிமம், உருவாக்குநர், களஞ்சிய முகவரி இருக்க வேண்டும். வெளியிடும் குழு இவற்றைத் தன் பி.ஓ.எம். கோப்பிலேயே எழுதி வைத்திருக்கும். வீட்டில் கட்டும் உங்களிடம் அந்தக் குழுவின் ரகசியச் சாவி இல்லை. அதனால் கையொப்பக் கட்டத்தில் கட்டுமானம் நின்றுவிடும். நீங்கள் வெளியிடப் போவதுமில்லை. ஆகவே இரண்டையும் விடலாம்.

ஜாவாடாக்கை விட இன்னொரு காரணமும் உண்டு. ஜேடிகே 8 முதல் ஜாவாடாக் கருவி கண்டிப்பாகிவிட்டது. குறிப்புரைக்குள் தவறான எச்டிஎம்எல் இருந்தாலே பிழை காட்டி நிற்கும். நிரல் ஓடுவதற்கும் குறிப்புரைக்கும் சம்பந்தமில்லை, கட்டுமானம் மட்டும் முறியும்.

5. எங்கே உடையும்

• தவறான ஜேடிகே. மோசிப்பின் 1.2 பதிப்பு வரிசைக்கு அடிப்படை ஜேடிகே 11. வளர்ச்சிக் கிளை ஜேடிகே 21க்கு நகர்ந்திருக்கிறது. எந்தக் கிளையை இறக்கினீர்களோ அதற்குரிய ஜேடிகே வேண்டும். கட்டளை வரியில் ஜாவா பதிப்பைக் கேட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. மேவன் பார்ப்பது 'ஜாவா ஹோம்' சூழல் மாறியை. மேவனின் பதிப்பைக் கேட்டால் அது எந்த ஜாவாவைப் பயன்படுத்துகிறது என்றும் சேர்த்தே காட்டும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

• லோம்பாக்: கெட்டர், செட்டர் எழுதும் வேலையை மிச்சப்படுத்தும் நூலகம். நிரல்பெயர்ப்பியின் உள்ளுறுப்புகளைத் தொடுவதால் ஜேடிகே மாறும்போது முதலில் அடிபடுவது இதுதான். ஜேடிகே 21க்கு லோம்பாக் 1.18.30 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. பழைய கிளை, புதிய ஜேடிகே என்று இணைத்தால் புரியாத பிழை வரும். பலர் நிரலில் தேடிக் களைத்துப் போவார்கள்.

• ஜாவா 11இல் நீக்கப்பட்டவை: ஜாவா இஇ உறுப்புகள் (ஜாக்ஸ்பி உட்பட). ஜாவாஎஃப்எக்ஸும் ஆரக்கிள் ஜேடிகேயிலிருந்து பிரிந்து ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் என்ற தனித் திட்டமானது. மோசிப்பின் பதிவு மென்பொருள், அதாவது பதிவு மையத்தில் கைரேகையும் கருவிழியும் எடுக்கும் கணினியில் ஓடுவது, ஜாவாஎஃப்எக்ஸில் எழுதப்பட்டது. உள்ளே அப்பாச்சி டெர்பி தரவுத்தளம். சர்வர் பகுதிகளைக் கட்டியவர் இதைக் கட்டும்போது சறுக்குவது இந்த இடத்தில்.

• ஸ்பிரிங் பூட் 3 (2022 நவம்பர்) கேட்கும் குறைந்தபட்ச ஜாவா 17. அதோடு 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய ஜாவா இஇ பெயர்த்தொகுப்புகள் 'ஜகார்த்தா' ஆயின. ஜாவா இஇயை ஆரக்கிள் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்ததன் விளைவு; பெயர் மாற்றம் ஜகார்த்தா இஇ 9இல் (2020). ஜேடிபிசியின் 'ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல்' மாறவில்லை, அது ஜாவா எஸ்இயின் பகுதி. ஒற்றைச் சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றுபவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

• களஞ்சிய முகவரி மாற்றம். மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் பாதுகாப்பற்ற எச்டிடிபி இணைப்பை ஏற்பதில்லை. 501 என்று பதில் தரும். மேவன் 3.8.1 (2021) தானாகவே அத்தகைய களஞ்சியங்களைத் தடுக்கிறது. மேவன் சென்ட்ரலை நடத்தும் சோனாடைப்பின் பழைய ஓஎஸ்எஸ்ஆர்எச் சேவை 2025 ஜூன் 30இல் நின்றது. பி.ஓ.எம். கோப்பில் இன்னும் அந்த முகவரியை வைத்திருக்கும் பழைய கிளைகளில், 'ஸ்னாப்ஷாட்' பதிப்புகளைத் தேடும்போது கட்டுமானம் முறியும். தவறு உங்களுடையதல்ல.

• ஸ்னாப்ஷாட் என்பது நிலைக்காத பதிப்பு: அதே பெயரில் இன்று ஒன்று இருக்கும், நாளை வேறொன்று இருக்கலாம். அதனால் வளர்ச்சிக் கிளையை விட, வெளியீட்டுக் குறியிட்ட பதிப்பைக் கட்டுவதே முதல் தடவைக்கு நல்லது.

• ஜிப்பாக இறக்கினால் அதில் '.கிட்' கோப்புறை இருக்காது. கமிட் எண்ணை ஜாருக்குள் எழுதும் ப்ளக்இன் இருக்கும் திட்டங்கள் அப்போது கட்ட மறுக்கலாம். கிட்டில் நகலெடுங்கள், இணையம் மெதுவானால் ஆழம் 1 என்று கொடுங்கள்.

• விண்டோஸில் கோப்புப் பாதை 260 எழுத்துகளைத் தாண்டினால் தொல்லை. ஜாவா பெயர்த்தொகுப்புகள் நீளமானவை. 'டவுன்லோட்ஸ்' கோப்புறைக்குள் கோப்புறையாக வைக்காமல் டிரைவின் வேருக்கு அருகில் வையுங்கள்.

• 'சோர்ஸ்', 'டார்கெட்' அமைப்புகளை 11 என்று வைத்து ஜேடிகே 21இல் கட்டினால் ஒரு சூட்சுமம்: மொழி இலக்கணம் 11தான், ஆனால் இணைக்கப்படுவது 21இன் நூலகத்தோடு. 11இல் இல்லாத மெத்தடைப் பயன்படுத்தினாலும் நிரல்பெயர்ப்பி தடுக்காது. ஓடும்போது 'நோ சச் மெத்தட்' பிழை. இதைச் சரிசெய்ய ஜாவா 9இல் வந்தது 'ரிலீஸ்' என்ற தேர்வு.

6. கட்டி முடித்தபின்

'பில்டு சக்சஸ்' என்று பச்சை எழுத்தில் வந்துவிட்டது. மென்பொருள் ஓடுமா? மோசிப்பில் ஓடாது. கட்டுமானத்துக்கு ஜேடிகே, மேவன், இணையம் போதும். ஓட்டுவதற்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பயனர் அங்கீகாரத்துக்குக் கீக்ளோக், செய்தி வரிசைகளுக்கு காஃப்கா, ஆக்டிவ்எம்க்யூ, கோப்புகளை வைக்க மினியோ போன்ற சேமிப்பகம், அமைப்புகளைத் தரும் ஸ்பிரிங் கிளவுட் கான்ஃபிக் சர்வர் என்று ஒரு பட்டாளம் வேண்டும். சாவிகளைக் காக்க எச்எஸ்எம் என்னும் தனி வன்பொருள். சோதனைக்கு மட்டும் சாஃப்ட்எச்எஸ்எம். எல்லாவற்றையும் கூபர்நெட்டிஸ் மேல் ஹெல்ம் வழியாக நிறுவுவது மோசிப்பின் வழக்கம்.

• இன்னும் ஒன்று: ஒருவரே இருமுறை பதிந்தாரா என்று கைரேகையையும் கருவிழியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏபிஐஎஸ் அமைப்பு மோசிப்பின் பகுதி அல்ல, நாடுகள் அதை வெளியிலிருந்து வாங்கி இணைக்கின்றன. சோதனைக்காகப் போலி ஏபிஐஎஸ்ஸை மோசிப் தருகிறது. 'முழுக்கத் திறந்த மூல அடையாள அமைப்பு' என்று பேச்சில் சொல்லிவிடுகிறோம். விலை அதிகமான பகுதி வெளியில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

• கோப்பு வகைகள்: ஜார், வார், இயர். மூன்றும் அடிப்படையில் ஜிப் வடிவம். ஸ்பிரிங் பூட் உருவாக்குவது தன்னுள் சார்புகளையும் சர்வரையும் சேர்த்து வைத்திருக்கும் 'கொழுத்த ஜார்'. மெட்டா-இன்ஃப் கோப்புறையில் உள்ள மேனிஃபெஸ்ட் கோப்பின் 'மெயின்-கிளாஸ்' வரியே தொடக்கப் புள்ளி.

7. உரிமம்

• மோசிப்பின் உரிமம் மொசில்லா பொது உரிமம் 2.0, சுருக்கமாக எம்பிஎல். 2012இல் வெளியானது. கோப்பு அளவிலான பகிர்வுக் கட்டாயம் இதன் தன்மை: எம்பிஎல் கோப்பை மாற்றி வெளியில் கொடுத்தால் அந்தக் கோப்பின் மூலத்தைத் தர வேண்டும், பக்கத்தில் நீங்களே எழுதிய புதிய கோப்பை மூடி வைக்கலாம்.

• ஜிபிஎல்: இணைந்த முழுப் படைப்புக்கும் கட்டாயம் பரவும். அப்பாச்சி 2.0 (2004), எம்ஐடி: மூலத்தைத் திறக்கும் கட்டாயம் இல்லை; அப்பாச்சியில் காப்புரிமை அனுமதி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். எம்பிஎல் நடுவில் நிற்கிறது.

• ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 1985, ரிச்சர்ட் ஸ்டால்மன். ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 1998.

• இந்திய அரசு 2015இல் திறந்த மூல மென்பொருள் ஏற்புக் கொள்கையை வெளியிட்டது. சி-டாக் சென்னை உருவாக்கியது பாஸ் லினக்ஸ். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வெளியே, பெங்களூருவிலேயே பிறந்த இன்னொரு ஜாவா எடுத்துக்காட்டு: இகவ் அறக்கட்டளையின் 'டிஜிட்', நகராட்சிச் சேவைகளுக்கானது.

8. எந்த மூலம்?

மூலநிரலிலிருந்து கட்டினேன், ஆகவே பாதுகாப்பானது என்று சொல்வது பாதி உண்மை.

• 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் கென் தாம்சன் காட்டியது: நிரல்பெயர்ப்பியே கெட்டதாக இருந்தால் சுத்தமான மூலத்திலிருந்தும் கெட்ட மென்பொருள் வரும்.

• 2021 டிசம்பர், லாக்4ஷெல்: லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை, தீவிர மதிப்பெண் 10க்கு 10. தம் திட்டத்தில் லாக்4ஜே இருப்பதே பலருக்குத் தெரியாது. சார்பின் சார்பாக உள்ளே வந்திருந்தது. மேவனில் 'டிபென்டென்சி ட்ரீ' கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பிரிங் பூட்டின் இயல்பான பதிவுக் கருவி லாக்பேக் என்பதால், இயல்பு அமைப்பை மாற்றாதவை தப்பின.

• 2024 மார்ச், எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவி: இது ஜாவா அல்ல, சி. ஆனால் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுத் தொகுப்பில் இருந்த கட்டுமானக் கோப்பில் கள்ளவரி இருந்தது. கிட் களஞ்சியத்தில் அந்த வரி இல்லை. இரண்டுமே 'மூலநிரல்' என்றுதான் அழைக்கப்பட்டன. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்.

• மறுஉருவாக்கக் கட்டுமானம்: ஒரே மூலம், ஒரே கருவிகள் என்றால் யார் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பு வர வேண்டும். ஜாருக்குள் பதியும் நேரமுத்திரை இதைக் கெடுக்கிறது, பி.ஓ.எம். கோப்பில் 'அவுட்புட் டைம்ஸ்டாம்ப்' என்ற பண்பை நிலையாக வைத்தால் தீரும். தேசிய அடையாள மென்பொருளுக்கு இது ஆடம்பரம் அல்ல என்பது என் கருத்து. ஒரு நாட்டின் அமைச்சகம், பெங்களூருவில் கட்டிய ஜாரும் தான் கட்டிய ஜாரும் ஒன்றுதான் என்று நிரூபிக்க முடிய வேண்டும்.

9. கடைசி நேரத் துணுக்குகள்

• இணையமின்றிக் கட்ட: 'ஓ' கொடி. ஸ்னாப்ஷாட்டைக் கட்டாயமாகப் புதுப்பிக்க: பெரிய 'யூ'. குறிப்பிட்ட உறுப்பை மட்டும் கட்ட 'பிஎல்', அதன் சார்புகளையும் சேர்க்க 'ஏஎம்', நின்ற இடத்திலிருந்து தொடர 'ஆர்எஃப்'.

• 'கிளீன்' டார்கெட் கோப்புறையை அழிக்கும்; '.எம்2'வைத் தொடாது.

• மேவன் ரேப்பர்: மேவனை நிறுவாமலே, திட்டம் குறிப்பிடும் பதிப்பை இறக்கித் தரும் சிறு கோப்பு.

• ஜென்கின்ஸ்: கோசுகே கவாகுச்சி, ஹட்சன் என்று தொடங்கி 2011இல் பெயர் மாறியது. அதுவும் ஜாவாவில் எழுதி மேவனால் கட்டப்படுவதுதான்.

• கிட்: 2005, லினஸ் டோர்வால்ட்ஸ். கிட்ஹப்: 2008, மைக்ரோசாஃப்ட் வாங்கியது 2018.

நினைவில் நிற்க வழி ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காமன்ஸ் களஞ்சியத்தை நகலெடுத்து, கெர்னல் கோப்புறையில் மேலே சொன்ன கட்டளையைக் கொடுங்கள். பிறகு ஜிபிஜியை விடச் சொல்லும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்தக் கட்டத்தில், எந்த ப்ளக்இன்னில் நிற்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தேர்வுக்குப் போங்கள்.